கறுப்பு டின்ன தொறக்காம ஒரு பச்சை

கலர் கார்டுல பார்த்தப்ப அவ்ளோ அழகா இருந்துச்சு அந்தப் பச்சை. தபால்தலை சைசுக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். மலேசியாவுல பினாங்கு, ஜெலுத்தோங்ல நாங்க வாங்கின பழைய டபுள் ஸ்டோரி வீட்டு ஹாலுக்கு அதையே அடிச்சிடலாம்னு 5 லிட்டர் டின் ரெண்டு கடையில மெஷின்ல கலக்கி வாங்கிட்டு வந்து, நானும் எங்க வீட்டுக்காரரும் சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள ரெண்டு கோட்டு முடிச்சு, குளிச்சிட்டு வந்து லைட்ட போட்டா, கிளினிக். மருந்து வாசம் ஒன்னுதான் கொறச்சல். மக சோபாவுல வந்து உக்காந்து, "அம்மா, நம்ம நம்பர் எப்ப கூப்டுவாங்க?"ன்னு கேட்டா.

எனக்கு வந்த ஆத்திரத்துல எங்க அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா நாப்பது வருசமா பினாங்குல சாயம் அடிக்கிற வேலை பார்த்தவரு, கடை வீடு, பங்களா, கோயில் சுவரு எல்லாம் அடிச்சிருக்காரு, இப்ப வயசாகிட்டதால ஆயர் ஈத்தாம்ல தம்பி வீட்டுல இருக்காரு. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு: "டின் மூடி மேல ஒரு சீட்டு ஒட்டியிருப்பான், அதுல என்ன போட்டிருக்கு படி." நானும் படிச்சேன். பச்சை, கொஞ்சூண்டு மஞ்சள், அப்புறம் கறுப்பு. அப்பா சிரிச்சாரு. "ஒத்தப் பச்சைய வெள்ளையில கரைச்சு, பளபளப்ப அடக்க கறுப்ப ஊத்தியிருக்கான். அது அப்படித்தாம்மா இருக்கும்."

மெஷின் மேல தப்பு சொல்லல நான். கார்டுல இருக்கிற கலர் எதுவோ அத அது கரெக்டாத்தான் கொடுத்துச்சு. ஆனா நான் தேடுனது அந்த மாதிரி கலரே இல்லன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. நான் தேடுனது பழைய கடை வீட்டு ஜன்னல் பலகையில இருக்குமே, காலையில ஒரு பச்சை, மழை நேரத்துல சாம்பல், சாயங்காலம் கொஞ்சம் காப்பி ஏறின மாதிரி, அது.

இத எப்படி விளக்குறதுன்னா, பட்டுச் சேலையில மயில் கழுத்து கலர் பார்த்திருப்பீங்க. பாவு ஒரு கலர், ஊடை வேற கலர். நீல நூலும் பச்சை நூலும் குறுக்கும் நெடுக்குமா ஓடுறதால முந்தானைய இந்தப் பக்கம் திருப்பினா நீலம், அந்தப் பக்கம் திருப்பினா பச்சை. அந்தச் சேலைய இது நீலமா பச்சையான்னு கேட்டா வீட்டுல நாலு பேரு நாலு பதில் சொல்லுவாங்க. சுவத்துச் சாயத்துல நூலு கிடையாது, மினுமினுப்பும் வராது, ஆனா உள்ள ஒன்னுக்கு மேல கலர் இருந்தா வெளிச்சம் மாறும்போது அதுவும் கொஞ்சம் கொஞ்சமா மாறும். எங்கம்மாவோட மயில் கழுத்து ஜாக்கெட் துணிய ஒருதடவ ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோய் அந்த ஸ்கேன் பண்ற கருவிய வச்சுப் பார்த்தோம். ஒரு நம்பர் வந்துச்சு, கலக்கிப் பார்த்தா நீலமும் இல்ல பச்சையும் இல்ல, செத்த கலர். கருவிக்கு தெரிஞ்சது ரெண்டுக்கும் நடுவுல உள்ள ஒரு கலர்தான், அத சொல்லிப் பிரயோசனம் இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஐஞ்சடியில, அதான் வீட்டு முன்னாடி நடையில, இருந்த கறுப்புச் சாய டின்ன பார்த்ததும் அத முதல்ல எடுத்து படிக்கட்டுக்கு அடியில வைக்கச் சொன்னாரு. அவரு கணக்கு என்னன்னா, ஒரு கலர் ரொம்ப கத்துதா, அத அடக்குறதுக்கு கறுப்பு வேணாம், அதுக்கு எதிர்க் கலர ரெண்டு சொட்டு விடு. பச்சைக்கு எதிரி செகப்பு, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு கத்தரிப்பூ. செகப்புன்னா பளிச் செகப்பு வேணும்னு இல்ல, காவி போதும், கடையில ரெட் ஆக்சைடுன்னு கேட்டா தருவாங்க. எதிர்க் கலர் போட்டா பச்சையோட கத்தல் அடங்கும், ஆனா அது பச்சையாவேதான் இருக்கும், உள்ள ஒரு சூடு நிக்கும். கறுப்பு போட்டா வெளிச்சத்த மொத்தமா முழுங்கிடும், அதுவும் வெள்ளையோட சேரும்போது கறுப்பு கொஞ்சம் நீலம் அடிக்கிற சாம்பலாத்தான் போகும், அதான் என் ஹால் கிளினிக் ஆனது.

நாங்க கலக்கினது இப்படி. 1 லிட்டர் வெள்ளை எமல்ஷன், அதான் தண்ணி கலக்குற சுவத்துச் சாயம், மேட், பளபளப்பு இல்லாதது. ஃபார்மசியில வாங்கின ஊசி இல்லாத சிரிஞ்சு மூனு, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி. மஞ்சள் ஆக்சைடு 30 மில்லி, தாலோ பச்சை 6 மில்லி, காவி 4 மில்லி. தாலோ பச்சைன்றது ராட்சசன், 6 மில்லிக்கே டின் முழுக்க பச்சையாயிடும், அதனால அத ஒரு மில்லி ஒரு மில்லியா விட்டுக் கலக்கிப் பார்க்கணும். மஞ்சள் ஆக்சைடு சாது, நிறைய விட்டாத்தான் தெரியும். காவிய நான் முதல்தடவ 4ன்னு நிறுத்தாம, இன்னும் கொஞ்சம் அடக்கலாமேன்னு 9 வரைக்கும் போய் சேத்துத்தண்ணி பண்ணிட்டேன். கெடுக்குறது எப்பவும் அந்தக் கடைசி ரெண்டு சொட்டுதான். கெட்டுப்போச்சுன்னா அத சரி பண்றேன்னு இன்னொரு கலர், அப்புறம் அதுக்கு எதிரா இன்னொன்னுன்னு ஊத்திட்டே போகாதீங்க, கலரன்ட், அதான் நாம சிரிஞ்சுல விடுற கலர், அளவுக்கு மீறினா சாயம் சரியா காயாது, ஒரு வாரம் கழிச்சும் கைய வச்சா ஒட்டும். அந்த டின்ன மூடி வச்சிட்டு புதுசா ஆரம்பிங்க. சேறான டின்ன நான் ஸ்டோர் ரூமுக்கு அடிச்சிட்டேன், அங்க நல்லாத்தான் இருக்கு.

இதுல எனக்கு ரொம்ப நாள் புரியாத ஒன்னு, டின்னுக்குள்ள பார்க்கிற கலரும் சுவத்துல வர்றதும் ஏன் வேறயா இருக்குன்னு. எமல்ஷன்ல இருக்கிற பசை ஈரமா இருக்கும்போது பால் மாதிரி இருக்கும், காய்ஞ்சதும் அது கண்ணாடி மாதிரி ஆயிடும், அதனால காய்ஞ்சா ஒரு படி இருட்டாகும். அப்பா காலத்து சுண்ணாம்பு இதுக்கு நேர் எதிர், அடிக்கும்போது தண்ணி மாதிரி ஒன்னுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுத்து எழும். ஆக ஈரத்துல பார்த்து எதையும் முடிவு பண்ணக்கூடாது. அவசரமா பார்க்கணும்னா ஒரு அட்டையில தடவி ஹேர் ட்ரையர்ல காய வச்சுப் பாருங்க, நான் அன்னைக்கு அப்படி பதினோரு அட்டை காய வச்சேன், மக தலைமுடி காய வைக்க ட்ரையர் கிடைக்கலன்னு சண்டை.

அட்டைன்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிடறேன். சுவத்துல நேரா சாம்பிள் அடிக்காதீங்க. பழைய கலர் சுத்தி நின்னு உங்க கண்ண ஏமாத்திடும். என் கிளினிக் பச்சை மேல நான் புதுக் கலர ஒரு கை அகலத்துக்கு அடிச்சுப் பார்த்தப்ப அது அசல் காப்பிப்பொடி கலர்ல தெரிஞ்சுது, அதையே வெள்ளை அட்டையில அடிச்சா நல்ல பாசிப்பச்சை. பிரான்ஸ்ல ஷெவ்ரல்னு ஒரு வேதியியல்காரர், அரசாங்க நெசவுக்கூடத்துல சாயத்துக்குப் பொறுப்பா இருந்தவரு, கறுப்பு நூல் வெளுத்துத் தெரியுதுன்னு வந்த புகார ஆராய்ஞ்சு, குறை சாயத்துல இல்ல, பக்கத்துல இருக்கிற கலர்லன்னு கண்டுபிடிச்சு 1839-லயே எழுதி வச்சிருக்காரு. அதனால ஒரு பெரிய அட்டை, ஓரத்துல ரெண்டு விரல் அகலம் வெள்ளைய விட்டுட்டு ரெண்டு கோட்டு அடிச்சு, அத ஒரு நாள் முழுக்க சுவர் சுவரா மாத்தி சாத்தி வச்சுப் பாருங்க. சோபா பக்கம், ஜன்னலுக்கு எதிர, மூலையில. மூலையில எல்லா கலரும் இன்னும் அழுத்தமா தெரியும், ரெண்டு சுவரும் ஒன்னு மேல ஒன்னு வெளிச்சத்த எறியுது பாருங்க, அதனால.

வெளிச்சத்துக்கு வர்றேன். வெளிநாட்டு ஆளுங்க சொல்ற வீட்டுக் கலர் ஆலோசனையில எல்லாம் வடக்கு ரூம் குளிர் வெளிச்சம், தெக்கு ரூம் வெதுவெதுப்புன்னு இருக்கும். அத நம்பி இங்க கலர் எடுத்தீங்கன்னா தொலைஞ்சீங்க. பினாங்கு பூமத்திய ரேகையில இருந்து அஞ்சு டிகிரி வடக்கதான் இருக்கு, ஜூன் மாசத்துல மத்தியான வெயில் நமக்கு வடக்குப் பக்கம் போயிடும், டிசம்பர்ல தெக்க. நமக்கு கணக்கு கிழக்கும் மேக்கும்தான். எங்க ஹால் மேக்கு பார்த்தது, நாலு மணிக்கு மேல செம்மஞ்சள் வெயில் நேரா அடிக்கும், போதாததுக்கு கார் போர்ச்சுல செங்கல் கலர் டைல்ஸ், அதுல பட்டு வர்ற வெளிச்சமும் செகப்பு. அதனால என் பச்சையில காவிய 4 மில்லியில இருந்து 3-க்கு இறக்கினோம், மிச்ச செகப்ப வெயிலே போட்டுக்கும்னு அப்பா சொன்னாரு. வீட்டுக்கு முன்னாடி பெரிய மாமரம் இருக்கிறவங்களுக்கு இதுக்கு நேர் மாறா, உள்ள வர்ற வெளிச்சமே பச்சையா இருக்கும், வெள்ளை சுவரே லேசா பாசி பிடிச்ச மாதிரி தெரியும்.

ராத்திரி லைட்டு தனிக் கதை. நம்ம ஆளுங்க பல்புன்னா டேலைட்டுதான் வாங்குவாங்க, 6500 கெல்வின், நீல வெளிச்சம். அதுல அழுத்தமான கலர் எல்லாமே சவம் மாதிரி கெடக்கும். நாங்க ஹாலுக்கு மட்டும் 3000-க்கு மாத்தினோம், பெட்டியில சிஆர்ஐ (கலர எவ்ளோ உள்ளபடி காட்டுதுன்ற அளவு) 90-க்கு மேலன்னு போட்டிருக்கிறதா பார்த்து வாங்கினோம், பல்புக்கு நாலஞ்சு வெள்ளி (ரிங்கிட்) கூட ஆச்சு, சாயத்துக்கு செலவு பண்ணினத விட அதுலதான் அதிக வித்தியாசம் தெரிஞ்சுது. கடையில டியூப் லைட்டுக்கு அடியில ஒன்னா தெரியிற ரெண்டு கலர் வீட்டுல ரெண்டா தெரியும், கர்ட்டன் துணி வாங்கும்போதும் இதே ஏமாத்து நடக்கும், துணிய வாசலுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க, கடைக்காரர் ஒன்னும் சொல்லமாட்டாரு.

கோலாலம்பூர்ல என் அக்கா, செந்தூல்ல கொண்டோ, என் கதைய கேட்டுட்டு அவளும் ஆரம்பிச்சா. அவளுக்கு மாம்பழ மஞ்சள், ஆனா கொஞ்சம் பழசான மாதிரி வேணும். எதிர்க் கலர் கத்தரிப்பூன்னு நான் சொன்னது போன்ல சரியா கேக்கலையா இல்ல நம்பலையா தெரியல, வீட்டுல இருந்த கறுப்ப ஊத்திட்டா. மஞ்சள்ல கறுப்பு விழுந்தா பச்சையாயிடும், சந்தேகம்னா பிள்ளைங்க வாட்டர் கலர்ல கலந்து பாருங்க. அவளுக்கு வந்தது பழைய ஊறுகாய் கலர். அப்புறம் நானே பஸ் ஏறிப் போய் புது டின்ல மஞ்சள் ஆக்சைடோட கொஞ்சம் காவி, ரெண்டே சொட்டு ஊதா விட்டுக் கொடுத்தேன், வெல்லப்பாகு மாதிரி வந்துச்சு, மத்தியானத்துல அந்த ரூமுக்குள்ள போனா வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும். அத்தானுக்குத்தான் பிடிக்கல, அவருக்கு எல்லாமே வெள்ளையா இருக்கணும்.

வெள்ளைன்னதும் ஞாபகம் வருது. அழுத்தமான கலருக்குப் பக்கத்துல சீலிங்குக்கு டின்ல வர்ற வெறும் வெள்ளைய அப்படியே அடிக்காதீங்க, கோடு கிழிச்ச மாதிரி வெட்டும். சுவத்துக் கலர்லயே ஒரு குழிக்கரண்டி எடுத்து சீலிங் வெள்ளையில கலந்துட்டேன், பார்க்கிறவங்க வெள்ளைன்னுதான் சொல்லுவாங்க. இதுவும் புதுசு இல்ல, அப்பா சின்ன வயசுல சுண்ணாம்புல சொட்டு நீலம் கலந்து அடிப்பாங்களாம், துணிக்குப் போடுற அதே நீலம், சுண்ணாம்பு மஞ்சளடிக்காம தும்பைப்பூ மாதிரி தெரியிறதுக்கு. கூட வடிச்ச கஞ்சியும் ஒரு கை உப்பும். எல்லா நீலமும் சுண்ணாம்புல நிக்காது, அதோட காரம் சில நீலத்தத் தின்னுடும், துணி நீலம் தாங்கும்.

அந்தக் காரத்தோட வேலைய நானே பார்த்தேன், அதுக்கு ஆன செலவு 200 வெள்ளிக்கு மேல. சமையலறையில பைப் வேலைக்காக ஒரு சுவத்த ஒடச்சு புதுசா பூசினாங்க. காய்ஞ்சிடுச்சுல்லன்னு கைய வச்சுப் பார்த்துட்டு ஒன்பதாவது நாளே எலந்தப்பழ கலர் அடிச்சேன், அது மெஷின்ல கலந்ததுதான், அதுல என்ன செகப்பு போட்டாங்கன்னு நான் கேக்கல. மூனு வாரத்துல திட்டுத் திட்டா வெளுத்து தேமல் மாதிரி ஆயிடுச்சு, பூசினவரு சாயத்த குறை சொன்னாரு, சாயம் வித்தவரு பூச்ச குறை சொன்னாரு. அம்மாதான் அடுப்பாங்கரையில நின்னுக்கிட்டே சொன்னாங்க, "ஆரத்தி கரைக்கிற மாதிரிதான்டி இதுவும்". மஞ்சத்தூளும் சுண்ணாம்பும் தண்ணியில சேர்ந்தா செக்கச்செவேல்னு ஆகுதே, காரம் பட்டதும் கலர் குணமே மாறிடுது. புது சிமெண்ட் பூச்சும் அதே மாதிரி காரம்தான், சில செகப்பு, ஊதா வகைங்க அதுல நிக்காது. காவி, மஞ்சள் ஆக்சைடு மாதிரி மண்ணுல வர்ற கலர் நிக்கும். புதுப் பூச்சுன்னா நாலு வாரமாவது விடுங்க, நம்ம ஊரு மழை காலத்துல இன்னும் கூட, அப்புறம் காரத்த தாங்குற சீலர், அதான் அடிப்பூச்சு, ஒரு கோட்டு அடிச்சிட்டுத்தான் கலருக்கே போகணும். நான் சுரண்டி, சீலர் அடிச்சு, திரும்ப முதல்ல இருந்து பண்ணினேன்.

பழைய வீட்டுக்காரங்களுக்கு ஒன்னு. ஜார்ஜ்டவுன்ல சுண்ணாம்புப் பூச்சு உள்ள கடை வீடு வச்சிருந்தீங்கன்னா இப்ப நான் சொன்ன எமல்ஷன் கதை எதுவும் உங்களுக்கு இல்ல. அந்தச் சுவரு தரையில இருந்து ஈரத்த உறிஞ்சி வெளிய விடுற சுவரு, மேல பிளாஸ்டிக் மாதிரி சாயத்த மூடினா ஈரம் போக வழியில்லாம உப்பு பூத்து தோல் தோலா உரியும். லெபோ லீத்ல இருக்கிற சியோங் ஃபாட் ட்ஸே மாளிகைய போய்ப் பாருங்க, எல்லாரும் நீல மாளிகைன்னு சொல்றது, 2000-ல யுனெஸ்கோ பாரம்பரிய விருது வாங்கினது. அந்த நீலம் சுண்ணாம்புல அவுரி கலந்து அடிச்சது, அவுரி அந்தக் காலத்துல நம்ம இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்தது. நான் போன அன்னைக்கு மழை பேஞ்சு விட்டிருந்துச்சு. நனைஞ்ச இடம் கருநீலம், காய்ஞ்ச இடம் வெளுத்த நீலம், நடுவுல பிரஷ் போன தடம் மேகம் மாதிரி. டூர் கைடு ரூம் கணக்கும் ஜன்னல் கணக்கும் சொல்லிட்டு இருந்தாரு, நான் சுவத்துல மூக்க ஒட்டிக்கிட்டு நின்னேன். அது ஒரே கோட்டுல வந்த கலர் இல்ல, மெல்லிசு மெல்லிசா பல கோட்டு, அடியில இருக்கிறது மேல தெரியுது. எமல்ஷன்ல அந்த ஆழம் வராது, அத நான் ஒத்துக்கிறேன்.

அப்பா கண்ண பத்தியும் சொல்லணும். ஹால் வேலை நடந்தப்ப அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. அதோடதான் எனக்கு கலர் சொல்லிக் கொடுத்தாரு. ஆபரேஷன் முடிஞ்சு முதல்தடவ வீட்டுக்கு வந்தவரு வாசல்லயே நின்னுட்டு, "என்னம்மா, இவ்ளோ நீலமா இருக்கு?"ன்னாரு. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் பார்த்தா வானம், தட்டு, என் சட்டை எல்லாமே அவருக்கு நீலமாத்தான் தெரிஞ்சிருக்கு, புரை கண்ணுக்குள்ள மஞ்சக் கண்ணாடி மாதிரி இருந்திருக்கு, அத எடுத்ததும் அப்படி. ரெண்டு மாசம் கழிச்சு கேட்டேன், "இப்ப?" "இப்ப சரியா இருக்கு, ஆனா காவிய அந்த ஒரு மில்லி கொறச்சிருக்க வேணாம்." மனுசன் விடமாட்டாரு.

அளவு விசயத்துல நான் பண்ணின தப்ப நீங்க பண்ணாதீங்க. 1 லிட்டர்ல பிடிச்ச கலர 10 லிட்டருக்கு பெருக்கும்போது சிரிஞ்சுல அரை மில்லி பிசகினா அது அஞ்சு மில்லியா வந்து நிக்கும், அதனால முதல்ல எட்டு லிட்டருக்கு உண்டான கலர மட்டும் அந்த 10 லிட்டர்ல விட்டு, அட்டையோட வச்சுப் பார்த்து, அப்புறம் மிச்சக் கலர கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். டின் டின்னா கலக்காம எல்லாத்தையும் ஒரே பெரிய வாளியில ஊத்திக் கலக்கணும், இல்லைன்னா சுவத்து நடுவுல ஒரு டின் முடிஞ்சு இன்னொரு டின் ஆரம்பிக்கிற இடம் கோடா தெரியும். மேட்ல அழுத்தமான கலர துணி போட்டு தேய்ச்சா அந்த இடம் மட்டும் பளபளன்னு ஆயிடும், பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு சுவிட்ச் பக்கத்துல அதனாலயே எனக்கு வருத்தம். சிரிஞ்சு கணக்கு, பல்பு நம்பர், தேதி எல்லாம் ஒரு நோட்டுல எழுதி, ஜாம் போத்தல்ல கொஞ்சம் சாயம் எடுத்து மூடி வைங்க.

நான் நோட்டு எழுதினேன், போத்தலும் வச்சேன், ஆனா 10 லிட்டர்தான் கலந்தேன். கிளினிக் பச்சைய மறைக்க சில இடத்துல மூனாவது கோட்டு கேட்டுச்சு, கடைசியா ஹால்ல இருந்து சமையலறைக்குத் திரும்புற சுவத்துல அரை லிட்டர் பத்தாம போச்சு. நோட்ட பார்த்து அதே அளவுல அரை லிட்டர் கலந்தேன், அட்டையில ஒன்னாத்தான் தெரிஞ்சுது, சுவத்துல ஏறினதும் ஒரு நூல் மஞ்சள் கூட. அங்க இப்ப ஃபிரிஜ் நிக்குது. பக்கத்து வீட்டு ஆண்ட்டி போன வாரம் வந்து, "கலர் நல்லா இருக்கும்மா, என்ன நம்பர்?"னு கேட்டுட்டு ஃபிரிஜ் மேல சாய்ஞ்சு நின்னு பேசிட்டு இருந்தாங்க, எனக்கு அவங்க பின்னாடி திரும்பிப் பார்த்துடுவாங்களோன்னே இருந்துச்சு.